பன்னிரண்டு சொற்களும் ஒரு கையொப்பமும்

குமாரபாளையத்தில் வியாபாரம் ஆளை நம்பி நடப்பது. நூல் கடனுக்கு வரும். நெய்த லுங்கியும் துண்டும் காவிரி தாண்டி ஈரோட்டுச் சந்தையில் விலைபோன பிறகு கணக்குத் தீரும். ஏதாவது பிசகினால் நேரில் போய்க் கேட்க ஒரு கடை இருக்கும், ஒரு முதலாளி இருப்பார். தறிக்காரர் வீட்டுப் பையன் செல்பேசியில் கிரிப்டோ வாலட் திறக்கும்போது அப்படிக் கேட்பதற்கு ஆளே கிடையாது. அதனால்தான் அந்தப் பையனின் அன்றாடப் பழக்கங்கள் இவ்வளவு முக்கியமாகின்றன.

வாலட்டுக்குள் காசு எதுவும் இல்லை. யாரிடம் எவ்வளவு என்ற பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. செல்பேசியில் இருப்பது அந்தப் பேரேட்டில் கையொப்பமிடும் ரகசியச் சாவி மட்டுமே. அந்தச் சாவியை மனிதர் எழுதிவைக்கும் வடிவில் தருவதுதான் 12 ஆங்கிலச் சொற்கள். 2013-இல் வகுக்கப்பட்ட பிஐபி-39 என்ற முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து அவை எடுக்கப்படுகின்றன. சரியாக அமையக்கூடிய வரிசைகள் எத்தனை என்றால், 34-க்குப் பின்னால் 37 சுழியங்கள் போட வேண்டும். எந்தக் கணினியாலும் இதை ஊகித்துத் திறக்க முடியாது.

ஆனால் நாமே அந்தப் பூட்டைத் தளர்த்திவிடுகிறோம். சொற்களை மூன்று சீட்டில் நான்கு நான்காக எழுதி வேறுவேறு இடத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 2020 ஜூனில் ஒரு பிட்காயின் பரிசுப் போட்டி நடந்தது. 12 சொற்களில் எட்டு வெளியாகியிருந்தன. ஜான் கான்ட்ரெல் என்ற நிரலாளர் கணினித் திறனை வாடகைக்கு எடுத்து, மீதி நான்கைச் சுமார் 30 மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு சீட்டு கிடைத்த திருடனுக்கும் அதே வேலைதான். முழுச் சொற்களையும் ஒரே தாளில் பேனாவால் எழுதி, அதேபோல் இன்னொரு தாளும் எழுதி, வேறு வீட்டில் நம்பிக்கையானவரிடம் பூட்டிவைப்பதே மேல். படம் எடுக்கக் கூடாது. எடுத்த படம் அடுத்த நொடியே இணையச் சேமிப்புக்குப் போய்விடக்கூடும். வாட்ஸ்ஆப்பில் தனக்குத்தானே அனுப்பிவைப்பதும் கூடாது. உதவி மையம் என்று சொல்லிக்கொண்டு எவர் அந்தச் சொற்களைக் கேட்டாலும் அவர் திருடர்தான். இதில் விதிவிலக்கே இல்லை.

சாவியைக் காத்தவரும் ஏமாறும் இடம் கையொப்பம். 2024 ஜூலை 18 அன்று இந்தியக் கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனமான வசீர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர் திருடுபோனது. அந்த வாலட்டைத் திறக்கப் பல பேரின் கையொப்பம் தேவை. சாவிகள் அவற்றைக் காப்பதற்கென்றே உள்ள தனிக் கருவிகளில் இருந்தன. இருந்தும், திரையில் தெரிந்தது ஒன்று, கையொப்பமானது வேறொன்று என்று அந்நிறுவனம் பிறகு சொன்னது. 2025 பிப்ரவரி 21 அன்று பைபிட் என்ற இன்னொரு கிரிப்டோ பரிவர்த்தனை நிறுவனம் ஏறத்தாழ 150 கோடி டாலரை இழந்ததும் இதே வழியில்தான். இரண்டையும் செய்தது வட கொரியா என்று அமெரிக்கா குற்றஞ்சாட்டியது.

நிபுணர்கள் கூடி உட்கார்ந்த இடத்திலேயே இது நடந்திருக்கிறது என்றால், ஓடும் பேருந்தில் நின்றபடி 'அப்ரூவ்' பொத்தானை அழுத்துபவர் என்ன ஆவார்? தனிக் கருவி வைத்திருப்பவர் அதன் சின்னத் திரையில் எவ்வளவு, எங்கே என்பதைப் படித்த பிறகே அழுத்த வேண்டும். புரியாத எழுத்துக் குவியல் மட்டும் தெரிந்தால் மறுத்துவிட வேண்டும். ஒரு செயலிக்கு வரம்பில்லாத அனுமதி தந்திருந்தால், வேலை முடிந்ததும் அதை ரத்து செய்ய வேண்டும். இல்லையென்றால் அந்த அனுமதி வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

சட்டம் காக்காதா என்று கேட்கலாம். ஓரளவு காக்கிறது. வசீர்எக்ஸில் சுமார் 1.98 லட்ச ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கி, திருட்டுக்குப் பின் எடுக்க முடியாமல் போன ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபர் 25 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ நாணயம் ஒரு சொத்துதான் என்று தீர்ப்பளித்தார். இது பெரிய விஷயம். ஆனால் அங்கே எதிர்த்தரப்பாக நிறுத்த ஒரு நிறுவனம் இருந்தது. சொந்த வாலட்டிலிருந்து முகமறியாதவனுக்குப் போன காசுக்கு எவரை எதிர்த்தரப்பாக்கி வழக்குப் போடுவது?

அந்தரங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேரேடு எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. உங்கள் வாலட் முகவரியை ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஒருமுறை பகிர்ந்தால் இருப்பும் வரவுசெலவும் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஊருக்குக் காட்ட ஒரு முகவரி, சேமிப்புக்கு வேறொன்று என்று பிரித்துவைப்பது நல்லது. பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கவும் கூடாது. முதலும் கடைசியும் ஒத்திருக்கும் போலி முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, பட்டியலில் தம் முகவரியைச் செருகிவைக்கும் கும்பல்கள் உண்டு. 2024 மே மாதம் இப்படி ஒரே அனுப்புதலில் 6.8 கோடி டாலர் போனது. அதில் பெரும்பகுதி திரும்பி வந்தது, ஆனால் அப்படி வருவது அபூர்வம்.

குமாரபாளையம் போன்ற தொழில் ஊருக்கு இன்னொரு ஆபத்து வங்கி வழியாக வருகிறது. முன்பின் தெரியாதவரிடம் நேரடியாக நாணயத்தை விற்று யுபிஐயில் பணம் வாங்கினால், அது வேறெங்கோ ஏமாற்றப்பட்டவரின் பணமாக இருக்கலாம். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் தொடர்ந்து, உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். அது தறிக் கணக்காக இருந்தால் வார இறுதியில் கூலி நின்றுபோகும். நூல்காரருக்குக் கொடுத்த காசோலை திரும்பும். தொழில் கணக்கில் கிரிப்டோவை ஒருபோதும் கலக்கக் கூடாது. விற்றது யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பரிவர்த்தனை எண்ணில் என்ற விவரத்தை எடுத்துவைக்க வேண்டும். முடக்கத்தை நீக்கக் கேட்கும்போதும், லாபத்துக்கு 30 சதவீத வரி கட்டும்போதும் அது கைகொடுக்கும். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வாலட்டிலிருந்து போனதைத் திருப்புவது கடினம். வங்கி வழியாகப் போன பணத்தை, அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க வாய்ப்பு உண்டு.