புள்ளி மறைஞ்சா நோய் போயிடுச்சுனு அர்த்தமா? கடல் பஃபர் மீனுக்கு வைத்தியம் பார்ப்பது எப்படி

இரண்டு நாளாக இறாலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேங்க்கின் மூலையில் போய் நிற்கிறது. துடுப்பில் உப்பு தூவியதுபோல நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். வீட்டில் கடல் பஃபர் வளர்ப்பவர்கள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள்: வீடியோ எடுத்து மீன் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது. "ஒயிட் ஸ்பாட் சார், இந்த பாட்டிலை ஊத்துங்க, மூணு நாள்ல சரியாயிடும்" என்று பதில் வரும். ஊற்றுவார்கள். சொன்னபடியே புள்ளியும் மறையும். இரண்டு வாரம் கழித்து மீன் செத்துப்போகும்.

அந்த இரண்டு வாரத்தில் டேங்க்குக்குள் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டால், அடுத்த மீனையாவது காப்பாற்றலாம்.

பஃபர் நமக்குப் புதிய மீன் இல்லை. நம் கடற்கரையில் இதைப் பேத்தை என்பார்கள். முள் இருந்தால் முள்ளம்பேத்தை. அக்வேரியம் கடையில் அதற்கே போர்க்குபைன் பஃபர், டாக்ஃபேஸ் பஃபர் என்று பெயரும் விலையும் ஏறிவிடுகிறது. கடைக்கு வரும் கடல் பஃபர்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே வர வாய்ப்பு உண்டு. மற்ற மீன்களுக்கு இருக்கும் செதில் கவசம் இதற்குக் கிடையாது. செவுள் திறப்பும் பக்கத் துடுப்புக்கு முன்னால் ஒரு சின்னப் பிளவு, அவ்வளவுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்க முடியாது.

முதலில் மீனை அல்ல, நீரைப் பாருங்கள்

பஃபர் நிறையச் சாப்பிடும், நிறையச் சிந்தும், நிறையக் கழிக்கும். அதனால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் அம்மோனியா. மொத்த அம்மோனியாவில் எவ்வளவு பங்கு விஷமாக இருக்கும் என்பதை பிஹெச்தான் தீர்மானிக்கிறது. பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அந்தப் பங்கு ஏறத்தாழ 10 மடங்காகிறது. கடல்நீர் டேங்க் 8.2 அளவில் இருக்கும். நன்னீர் மீன் சமாளித்துவிடும் அதே அம்மோனியா அளவு, இங்கே செவுளை எரித்துவிடும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டில் எது பூஜ்யத்துக்கு மேல் இருந்தாலும், மருந்துக்கு முன்னால் நீரை மாற்றுங்கள். பல சமயம் நோயே அதுதான்.

அடுத்து மூச்சு. நீங்களே எடுக்கக்கூடிய டேட்டா இது: போனில் டைமர் வைத்து, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். மீன் நன்றாக இருக்கும்போதே ஒரு தடவை எண்ணிக் குறித்து வைத்திருந்தால்தான் இது முழுசாகப் பயன்படும். 27 டிகிரி செல்சியஸில் நன்னீரில் லிட்டருக்கு சுமார் 8 மி.கி. ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் சுமார் 6.5 மி.கி.தான். செவுள் பாதிக்கப்பட்ட மீனுக்கு இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்னை. என்ன நோயாக இருந்தாலும் கூடுதலாக ஒரு ஏர் ஸ்டோன் போடுவதில் நஷ்டமில்லை.

சரி, அந்த வெள்ளைப் புள்ளி?

ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் பஃபருக்குப் பிறவியிலேயே உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிதான். அது தோலோடு தட்டையாக, என்றைக்கும் அதே இடத்தில் இருக்கும். நோய்ப்புள்ளி உப்புக்கல் மாதிரி மேடாக இருக்கும், இன்று ஓரிடம், நாளை வேறிடம். தினமும் ஒரே கோணத்தில் போட்டோ எடுத்தால் குழப்பம் தீரும்.

கடல்நீர் ஒயிட் ஸ்பாட்டுக்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ் என்ற ஒட்டுண்ணி. இதன் வாழ்க்கையில்தான் "மூணு நாள்ல சரியாயிடும்" என்பதன் ரகசியம் இருக்கிறது. தோலுக்கு அடியில் புகுந்து 3 முதல் 7 நாள் வரை தின்று கொழுக்கும். அப்போதுதான் நமக்குப் புள்ளி தெரியும். பிறகு தானாகவே மீனை விட்டு இறங்கி, மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். மருந்து ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் இது நடக்கும். புள்ளி மறைவது குணமானதால் அல்ல. ஒட்டுண்ணி அடுத்த கட்டத்துக்குப் போனதால். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் 200 குஞ்சுகள் வரை வெளிவரலாம். முதலில் 5 புள்ளி இருந்த டேங்க்கில், அடுத்த சுற்றில் ஆயிரம் குஞ்சுகள் வரை மீனைத் தேடி நீந்தும். இரண்டாவது தாக்குதலில் மீன் சாவது இதனால்தான்.

தோலுக்கு அடியில் இருக்கும்போதும் கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து அதைத் தொடாது. மீனைத் தேடி நீந்தும் அந்த ஓரிரு நாளில் மட்டுமே கொல்ல முடியும். கூடு 3 நாளிலும் வெடிக்கலாம், 72 நாள் வரை இழுக்கவும் செய்யலாம். அதனால் சிகிச்சை வாரக்கணக்கில் நடக்க வேண்டும், அதுவும் தனி டேங்க்கில். மெயின் டேங்க் மீனே இல்லாமல் காலியாகக் கிடக்க வேண்டும். 76 நாள் என்பது பலரும் பின்பற்றும் பாதுகாப்பான கணக்கு. "ஒரே ஒரு மீன்தான் நல்லா இருக்கு, அது இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

காப்பர் என்றால் எந்த காப்பர்?

பழக்கமான மருந்து காப்பர். இங்கே எண்களில் ஒரு பொறி இருக்கிறது. கட்டற்ற காப்பர் அயனி என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மி.கி. போதும். வேறு வேதிப்பொருளோடு பிணைத்து விற்கப்படும் கீலேட்டட் காப்பருக்கு லேபிளில் 2 மி.கி.க்கு மேல் போட்டிருக்கும். பத்து மடங்கு வித்தியாசம்! ஒன்றின் அளவைப் பார்த்து இன்னொன்றை ஊற்றினால், ஒன்று மருந்தே வேலை செய்யாது, இல்லையென்றால் மீன் செத்துவிடும். எந்த வகை என்று லேபிளில் இல்லாத பாட்டில், அதற்கேற்ற டெஸ்ட் கிட் இல்லாத காப்பர், இரண்டையும் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பஃபர் காப்பரைத் தாங்கும் சக்தி குறைவான மீன் என்பதால், அளவைச் சில நாட்களில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். கூடவே அம்மோனியா நீக்கி திரவம் ஊற்றாதீர்கள்; சில திரவங்கள் காப்பரை இன்னும் கடுமையான விஷமாக்கும். பவளம், நத்தை, நண்டு இருக்கும் டேங்க்கில் காப்பர் ஒரு சொட்டுகூட விழக்கூடாது.

பஃபருக்கு நான் முதலில் யோசிப்பது மருந்தே இல்லாத வழியைத்தான். மீனை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை, சுத்தமாகக் காயவைத்த வேறொரு தொட்டிக்கு, புதிய கடல்நீருக்கு மாற்றுவது. மொத்தம் நான்கு மாற்றம். உதிர்ந்த ஒட்டுண்ணி கூடு வெடிப்பதற்கு முன்பே பழைய தொட்டியோடு போய்விடும். இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, இரண்டு ஹீட்டர், நிறைய உப்பு, கொஞ்சம் முதுகு வலி. அவ்வளவுதான் செலவு.

மாற்றும்போது வலையில் தூக்காதீர்கள். பயத்தில் பஃபர் ஊதிக்கொள்ளும். நீருக்கு வெளியே ஊதினால் வயிற்றில் காற்று புகுந்து, மிதந்துகொண்டே தவிக்கும். நீருக்குள்ளேயே ஒரு டப்பாவில் பிடித்து, நீரோடு தூக்குங்கள்.

புள்ளி உப்புபோல இல்லாமல் பவுடர்போல மிக நுண்ணியதாக, மினுமினுப்பாக இருந்து, வேகமாக மூச்சு வாங்கி, வெளிச்சத்தைத் தவிர்த்தால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். இதில் உங்களுக்கு இருப்பது சில நாட்கள் மட்டுமே. சில சமயம் புள்ளி தெரிவதற்கு முன்பே செவுள் போய்விடும். உப்பின் அளவைக் குறைத்து ஒயிட் ஸ்பாட்டைக் கட்டுப்படுத்தும் முறை இதற்குப் பலிக்காது. இந்த ஒட்டுண்ணி மிகக் குறைந்த உப்பளவையும் தாங்கும். குளோரோகுயின் உதவும். ஆனால் அது இந்தியாவில் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனாவில், கொரோனா பயத்தில் மீன் தொட்டிக்கான குளோரோகுயினை விழுங்கிய ஒருவர் இறந்தார். வாங்கினால் பூட்டி வைக்க வேண்டிய பொருள்.

புள்ளியே இல்லை, ஆனால் கல்லில் உடம்பைத் தேய்க்கிறது, கண் மங்கலாக இருக்கிறது என்றால் ஃப்ளூக் எனும் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். குளோரின் நீக்கி, வெப்பமும் பிஹெச்சும் டேங்க்குக்குச் சமமாக்கிய நன்னீரில் மீனை 5 நிமிடம் விட்டால், கண்ணாடிபோல இருந்த புழுக்கள் வெள்ளையாகி உதிரும். நோயறிதல், முதலுதவி இரண்டும் இதிலேயே முடிகிறது. அதற்கு மருந்து பிராசிகுவாண்டல். முட்டையை அது கொல்லாது என்பதால் ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து இன்னொரு டோஸ் தேவை. ஒயிட் ஸ்பாட் என்று நினைத்து காப்பர் ஊற்றியிருந்தால் இந்தப் புழுவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சாப்பிட ஆசைப்படுகிறது, ஆனால் கவ்வ முடியவில்லையா? வாயைப் பாருங்கள். பஃபரின் பல் நிற்காமல் வளரும். உரித்த இறாலே போட்டால் தேயாமல் வாயை அடைத்துவிடும். 2018-ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கோல்டி என்ற முள்ளம்பேத்தைக்கு மயக்க மருந்து கொடுத்து கால்நடை மருத்துவர்கள் பல்லை வெட்டிவிட்டார்கள். நீங்கள் நகவெட்டியை எடுக்க வேண்டாம். ஓட்டோடு இறால், நண்டுக் கால், மட்டி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். மட்டி மட்டுமே கொடுத்தாலும் சிக்கல். அதில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் நொதி இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் இது எல்லாமே யூகம்தான். தோலையோ செவுளையோ லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மட்டுமே உறுதி. மீன் பார்க்கும் கால்நடை மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், மீன்வள நிறுவனங்களின் நோய்ப்பிரிவைக் கேட்டுப் பார்க்கலாம்: மும்பையில் மத்திய மீன்வளக் கல்வி நிறுவனம், கொச்சியில் கேரள மீன்வளப் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம். போவதற்கு முன் போன் செய்துவிடுங்கள். டேங்க் நீரைத் தனி பாட்டிலில் எடுத்துச் செல்லுங்கள். மீன் இறந்துவிட்டால் ஃப்ரீஸரில் வைக்காமல், கவரில் போட்டு ஐஸ் மேல் வைத்து, சில மணி நேரத்துக்குள் கொண்டுபோக வேண்டும். தாமதித்தால் ஒட்டுண்ணி உடலை விட்டுப் போய்விடும். கொண்டுபோக முடியாவிட்டால் ஆழமாகப் புதையுங்கள். தெருப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள். பேத்தையின் விஷம் சமைத்தாலும் போகாது.