மிடி விளைவுகள்

மிடி விளைவுகள் என்பவை, இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் மிடி செய்திகள் இசைக்கருவியைச் சென்றடையும் முன்பே அவற்றை மாற்றியமைக்கும் கருவிகள் ஆகும். எதிரொலி போன்ற ஒலி விளைவுகள், பிறந்துவிட்ட ஒலியை மாற்றுகின்றன. மிடி விளைவுகளோ எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளையையே மாற்றுகின்றன. பாடகரின் குரலைத் திருத்துவதற்கும் அவர் கையிலுள்ள சுரத்தாளைத் திருத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது.

மிடி செய்தி

1983ஆம் ஆண்டு அறிமுகமான மிடி நெறிமுறை ஒலியைச் சுமப்பதில்லை, எண்களையே சுமக்கிறது. சுரங்களுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பியானோவின் நடு ‘சி’ 60 ஆகும். கட்டையை அழுத்தும் வேகமும் 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாகவே பதிவாகிறது. எனவே எளிய கணக்கால் இசையை மாற்ற முடியும். சுர எண்ணுடன் 12ஐக் கூட்டினால் அதே சுரம் அடுத்த மேல் ஸ்தாயியில் ஒலிக்கும்.

முக்கிய வகைகள்

ஏபிள்டன் லைவ் மென்பொருளில் உள்ள சில மிடி விளைவுகள்:

• கார்டு: ஒரு சுரத்துடன் வேறு சுரங்களைச் சேர்க்கும். 60உடன் 4, 7 ஆகியவற்றைத் தனித்தனியே கூட்டினால் 60, 64, 67 ஆகிய மூன்றும் சேர்ந்து ஒலிக்கும். 60ஐ ஷட்ஜமாகக் கொண்டால் இவை ஷட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம்.
• ஆர்ப்பெஜியேட்டர்: சேர்த்து அழுத்திய சுரங்களைத் தாளத்துக்கேற்ப ஒவ்வொன்றாக ஒலிக்கச் செய்யும்.
• ஸ்கேல்: வாசிக்கும் சுரங்களைத் தேர்ந்தெடுத்த சுரவரிசைக்குள் கொண்டுவரும். 60, 62, 64, 67, 69 ஆகியவற்றையும் அவற்றின் ஸ்தாயிச் சுரங்களையும் மட்டும் அனுமதித்தால் மோகன ராகத்தின் சுரங்கள் கிடைக்கும். ஆனால் கமகம் கிடைக்காது.
• வெலாசிட்டி: சீரற்ற அழுத்தங்களை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடக்கும்.

வரிசை

மிடி விளைவுகளை இசைக்கருவிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். அவற்றுக்குள்ளும் வரிசை முக்கியமானது. ஒரே கட்டையை அழுத்திப் பிடித்திருப்பதாகக் கொள்வோம். கார்டு முதலிலும் ஆர்ப்பெஜியேட்டர் அடுத்தும் இருந்தால் மூன்று சுரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். வரிசையை மாற்றினால் மூன்று சுரங்களும் ஒவ்வொரு முறையும் சேர்ந்தே திரும்பத் திரும்ப ஒலிக்கும்.

கவனிக்க வேண்டியது

தடத்தில் பதிவாகியிருப்பது வாசித்த சுரம் மட்டுமே. விளைவு சேர்த்த சுரங்கள் அதில் எழுதப்படுவதில்லை. விளைவை நீக்கினால் பழைய வாசிப்பு அப்படியே திரும்பக் கிடைப்பது இதன் நன்மை. ஆனால் அத்தடத்தின் கிளிப்பை மிடி கோப்பாக ஏற்றுமதி செய்து பிறருக்கு அனுப்பினால், மூன்று சுரங்களுக்குப் பதிலாக ஒற்றைச் சுரமே அவருக்குப் போய்ச் சேரும். இதைத் தவிர்க்க, விளைவுகளைக் கடந்து வரும் மிடி செய்திகளை வேறொரு மிடி தடத்தில் பதிவுசெய்து, அப்பதிவை ஏற்றுமதி செய்ய வேண்டும்.