மார்ச் வெயிலில் இமயப் பனி ஆபத்தாவது ஏன்? மும்பையில் இருந்து மலையேறச் செல்வோர் அறிய வேண்டியவை

மும்பை: தேர்வுகள் முடியும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மும்பையில் இருந்து இமயமலைக்கு நடைப்பயணம் செல்வோர் பலர். குளிர்காலம் முடிந்துவிட்டதால் பாதை எளிதாக இருக்கும் என்று அவர்கள் எண்ணுவது இயல்பு. ஆனால், பனி உருகத் தொடங்கும் இந்தக் காலத்திற்கே உரிய ஆபத்துகள் உண்டு.

சிக்கிமில் நாதுலா செல்லும் சாலையில் 2023 ஏப்ரல் 4-ஆம் தேதி நிகழ்ந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் உயிரிழந்தனர். 13-ஆவது மைல் வரை மட்டுமே அனுமதி பெற்றிருந்த நிலையில், அவர்கள் அதைத் தாண்டி 15-ஆவது மைல் பகுதிக்குச் சென்றதாக அதிகாரிகள் தெரிவித்தனர். உத்தராகண்டின் மானா அருகே 2025 பிப்ரவரி 28-ஆம் தேதி ஏற்பட்ட பனிச்சரிவில் சாலைப் பணித் தொழிலாளர்கள் 8 பேர் பலியாகினர்.

பகலில் உருகி இரவில் உறையும் பனி

வசந்தத் தொடக்கத்தில் பகல் வெயில் பனியின் மேற்பரப்பை உருக்குகிறது. இரவுக் குளிரில் அந்த நீர் மீண்டும் உறைகிறது. இதனால் காலையில் பாதை கண்ணாடி போல் வழுக்கும். நண்பகலுக்குப் பின் அதே பாதை இளகி, கால் முழங்கால் வரை புதையக்கூடும். ஓடைகளை மூடியுள்ள பனிப்பாலங்களும் அடியில் கரைந்து வலுவிழக்கின்றன.

இதே காலத்தில் மேற்கத்தியக் காற்றழுத்த இடையூறுகள் புதிய பனிப்பொழிவைக் கொண்டுவருகின்றன. இறுகிய பழைய பனியின் மீது விழும் புதுப்பனி, அதனுடன் உறுதியாக ஒட்டுவதில்லை. உருகிய நீர் உள்ளே கசியும்போது அந்தப் பிடிப்பு மேலும் தளர்கிறது. 30 முதல் 45 பாகை வரையிலான சரிவுகளிலேயே பெரும்பாலான பனிச்சரிவுகள் நிகழ்கின்றன.

சஹ்யாத்ரி அனுபவம் போதுமா?

சஹ்யாத்ரியின் மகாராஷ்டிரப் பகுதியில் மிக உயரமான கல்சுபாய் சிகரம் 1,646 மீட்டர். உத்தராகண்டின் கேதார்கந்தா ஏறத்தாழ 3,800 மீட்டர். மழைக்கால மலையேற்றம் கால்களுக்கு வலுவூட்டும். ஆனால் ஈரப் பாறையில் பிடிக்கும் காலணி, பனிக்கட்டியில் பிடிக்காது. மிதமான பாதைகளுக்குக் காலணியின் மேல் மாட்டும் மைக்ரோஸ்பைக் உதவும். செங்குத்தான சரிவுகளுக்குக் கிராம்பானும் பனிக்கோடரியும், அவற்றைக் கையாளும் பயிற்சியும் தேவை.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகியவை கடல் மட்டத்தை ஒட்டிய பகுதிகள். அங்கு வாழ்ந்து பழகிய உடல், குறைந்த ஆக்சிஜனுக்குப் பழக நாட்கள் ஆகும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான வழிகாட்டுதல். தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறக் கூடாது. அவை அதிகரித்தால் உடனே கீழிறங்க வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர்கள் கண்ணைப் பாதிக்கும் என்பதால் கறுப்புக் கண்ணாடி அவசியம்.

புறப்படும் முன்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முன்னறிவிப்பையும், சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித் தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையையும் பார்ப்பது நலம். கடும் பனிப்பொழிவுக்குப் பிந்தைய ஓரிரு நாட்களில் செங்குத்தான சரிவுகளைத் தவிர்க்க வேண்டும். ஆபத்தான சரிவுகளை, பனி இறுகியிருக்கும் அதிகாலையிலேயே ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கடப்பது பாதுகாப்பானது. பனியில் புதையுண்டவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 15 நிமிடங்களுக்குப் பின் வேகமாகக் குறைவதால், தனித்துச் செல்வதைத் தவிர்க்க வேண்டும்.

பயண ஏற்பாட்டாளரிடம் கட்டணத்தை விசாரிக்கும்போதே, எத்தனை மணிக்குள் சிகரத்தை எட்டாவிட்டால் குழு திரும்பும் என்பதையும் கேட்டறிய வேண்டும். அதற்குத் தெளிவான பதில் தராதவருடன் செல்லாமல் இருப்பதே நல்லது.