கண்ணாடி மெதுவா ஏறுதா? மோட்டர் வாங்க முதல் இதைப் பாருங்கோ

போன ஒக்டோபரில் கொப்பன்ஹேகனில் இருந்து ஹேர்னிங் வந்துகொண்டிருந்தோம். ஸ்டோரபெல்ட் பாலத்துச் சுங்க வாசலில் காட் போடக் கண்ணாடியை இறக்கினேன். சர்ரென்று இறங்கியது. ஏற்றினால் முனகிக்கொண்டு அரைவாசிக்கு வந்து நின்றுவிட்டது. முன்னாலே 18 கிலோமீற்றர் பாலம். மழையும் கடற்காற்றும். பின் சீற்றில் நாலு வயது மகன், "அம்மா, குளிருது" என்று அழத் தொடங்கிவிட்டான்.

கார் அப்பாவுடையது, 1988 ஆம் ஆண்டு மொடல். புதுக்காருக்கு விலையின் மேல்பகுதியில் 180 வீதம் பதிவு வரி இருந்த காலத்தில், பாவித்த காராகப் பார்த்துப் பார்த்து வாங்கியது. இங்கே 35 வயது தாண்டிய கார் வெட்டரன் கார் என்ற கணக்கில் வரும். எங்களைத் திருவிழாவுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் ஏற்றித் திரிந்த கார் என்பதால் விற்க மனம் வரவில்லை. ஆனால் பிள்ளையை வைத்துக்கொண்டு இப்படி ஓடவும் ஏலாது.

அன்றிரவே இணையத்தில் மோட்டரின் விலையைப் பார்த்தேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறு பிள்ளை. அந்தக் காலத்து ஏ40 காரில கைபிடியைச் சுத்தித்தான் கண்ணாடி ஏத்துறது. இறுகினா கையே சொல்லும். இதில மோட்டர் சொல்லுது, எனக்குப் பாரமா இருக்கெண்டு. ஏன் பாரம் எண்டு முதல் பார்."

அவர் சொன்னது சரி. பழைய காரில் கண்ணாடி மெதுவாவதற்கு மோட்டர் மட்டும் காரணமாக இருப்பது குறைவு. ஒன்றில் கண்ணாடி எங்கேயோ இறுகுகிறது, அல்லது மோட்டருக்குக் கரண்ட் சரியாகப் போய்ச் சேரவில்லை. எது என்று பிடிக்கக் காசு செலவில்லை.

கதவைத் திறக்க முதல் மூன்று கேள்விகள்

ஒன்று: எல்லாக் கண்ணாடியும் மெதுவா, ஒன்று மட்டுமா? எல்லாம் என்றால் பற்றரி, பியூஸ், பொதுவான ஏர்த் வயர் பக்கம் பாருங்கோ. ஒன்று மட்டும் என்றால் பிழை அநேகமாக அந்தக் கதவில், அல்லது அதற்குரிய சுவிட்சில்.

இரண்டு: எஞ்சினை நிறுத்தி ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை ஏற்றிப் பாருங்கோ. நல்ல பற்றரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ற் காட்டும்; எஞ்சின் ஓடும்போது 14 அளவில் வரும். எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் வேகமாக ஏறுவது வழமை. பெரிய வித்தியாசம் என்றால் பற்றரியைச் சோதிக்க வேண்டும்.

மூன்று: இருட்டில் உள் லைற்றைப் போட்டுவிட்டுச் சுவிட்சை அமத்துங்கோ. லைற் நன்றாக மங்கினால் மோட்டர் நிறையக் கரண்டை இழுக்கிறது. அதாவது பாரத்தோடு மல்லுக்கட்டுகிறது. லைற் மங்காமல் கண்ணாடி மட்டும் ஊர்ந்தால், கரண்ட் வழியில் எங்கேயோ தடைப்படுகிறது.

எங்கள் காரில் ஓட்டுநர் பக்கம் மட்டும்தான் பிரச்சினை. லைற் நன்றாக மங்கியது. ஆக, பாரம்.

பாரம் என்றால்

கண்ணாடி ஓடும் றப்பர் கால்வாயைப் பாருங்கோ. வருசக்கணக்கில் தூசியும் பாசியும் சேர்ந்து, றப்பர் காய்ந்து கண்ணாடியைக் கவ்விப் பிடிக்கும். குளிரில் இன்னும் மோசம். ஈரத்துணியைத் தட்டையான குச்சியில் சுற்றி ஊத்தையை எடுத்து, காயவிட்டு, சிலிக்கோன் ஸ்பிரே அடியுங்கோ. எஞ்சின் ஒயில், தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். றப்பர் ஊதும், தூசியும் ஒட்டும்.

அதற்கும் சரிவராவிட்டால் கதவின் உள்பலகையைக் கழற்ற வேண்டும். முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி, விழாமல் ரேப் போட்டு ஒட்டுங்கோ. பிறகு பற்றரி வயரைக் கழற்றுங்கோ. உள்ளே கண்ணாடியைத் தூக்கும் இரும்புக் கைகளில் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். அதைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் புது லிதியம் கிரீஸ் பூசுங்கோ. மோட்டரை மட்டும் அதன் இடத்தில் இருந்து கழற்றாதேங்கோ. சில கார்களில் அங்கே இறுக்கிய ஸ்பிரிங் இருக்கும். விடுபட்டால் விரலைப் பதம் பார்க்கும்.

கரண்ட் என்றால்

பல பழைய கார்களில் மோட்டரின் முழுக் கரண்டும் சுவிட்சுக்குள்ளால்தான் போகும். அதனால் சுவிட்சின் உள்தொடுப்புகள் கருகிவிடும். ஒரே மாதிரிச் சுவிட்ச் இரண்டு இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கோ. பிழையும் சேர்ந்து இடம் மாறினால் சுவிட்சுதான் குற்றவாளி. அடுத்தது, கதவுக்கும் உடலுக்கும் நடுவே றப்பர் குழாய்க்குள் போகும் வயர். கதவு திறந்து பூட்டி, திறந்து பூட்டி அது உள்ளே அறுந்திருக்கலாம். மல்ரிமீற்றர் இருந்தால் கண்ணாடி ஏறும்போது மோட்டரடியில் அளந்து பாருங்கோ. பற்றரியில் 12.5 இருக்க அங்கே 9 அல்லது 10 தான் வருகுது என்றால், வழியில் களவு போகுது.

இவ்வளவும் சரியாக இருந்து கண்ணாடி இன்னும் ஊர்ந்தால் மட்டும் மோட்டரைச் சந்தேகியுங்கோ. உள்ளே காபன் துண்டுகள் தேய்ந்திருக்கும். இன்னொன்று: நிற்கும் கண்ணாடிக்குச் சுவிட்சை அமத்திக்கொண்டே இருக்க வேண்டாம். மோட்டர் சூடாகி எரிந்துபோகலாம்.

சரிவந்த பிறகுதான் பயம்

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் மூன்று மணித்தியாலம் வேலை செய்தோம். செலவு ஒரு ஸ்பிரேயும் ஒரு ரியூப் கிரீசும். முந்தி 11 செக்கனில் ஏறிய கண்ணாடி இப்போது 4 செக்கனில் ஏறியது. மகன் கைதட்டினான்.

அப்பா சிரிக்கவில்லை. குசினியில் இருந்து ஒரு கரட்டை எடுத்துவந்து கண்ணாடி விளிம்பில் வைத்துவிட்டுச் சுவிட்சை அமத்தச் சொன்னார். படக்கென்று முறிந்தது. மகன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றான்.

இப்போதைய பல கார்களில் கை, தலை தட்டினால் கண்ணாடி தானாகத் திரும்பி இறங்கும். அந்தக் காலத்துக் கார்களில் பொதுவாக அந்த வசதி இல்லை. மெதுவாக ஏறிய கண்ணாடி பிள்ளை கையை எடுக்க நேரம் தந்தது. திருத்திய கண்ணாடி தராது. ஆகவே வேலை முடிந்த கையோடு இதையும் செய்யுங்கோ: பின் கண்ணாடிகளைப் பூட்டும் சுவிட்ச் இருந்தால் எப்போதும் பூட்டியே வையுங்கோ. ஏற்ற முதல் திரும்பிப் பாருங்கோ. பெற்றோல் அடிக்க இறங்கினாலும் திறப்பைக் கையோடு கொண்டுபோங்கோ.

இந்தக் கோடையில் பிரண்டா அபிராமி அம்மன் தேருக்கு அதே காரில்தான் போனோம். இப்போது கண்ணாடியை ஏற்ற முதல் மகன் பின்னாலிருந்து கத்துவான்: "அம்மா, என்ர கை உள்ளே!" அதைக் கேட்ட பிறகுதான் நான் சுவிட்சைத் தொடுவேன்.