மணலைப் போர்த்திய ஆமை

கருமத்தம்பட்டிப் பக்கம் குட்டைகளிலும் தோட்டத்துக் கிணறுகளிலும் எட்டிப் பார்க்கும் பாலாமையைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டுத் தட்டு அளவே இருக்கும் சாது. இதற்குப் பெரிய பங்காளி ஒன்று உண்டு. அதன் ஊரைப் பார்க்க அவினாசி, புளியம்பட்டி வழியாக பவானிசாகர் போக வேண்டும். பவானியும் மாயாறும் கூடும் இடத்தில் 1955இல் கட்டி முடித்த அணை அது. அந்தப் பங்காளிதான் லீத் மெல்லோட்டு ஆமை. இந்த ஆறுகளும் காவிரியும் அதன் வீடுகளில் சில. தீபகற்ப இந்தியாவைத் தாண்டி உலகில் வேறெங்கும் இது கிடையாது. பம்பாயில் பணியாற்றிய லீத் என்ற மருத்துவரின் பெயரை விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரே 1872இல் இதற்குச் சூட்டினார். ஓடு மட்டுமே 64 சென்டிமீட்டர் வரை வளரும். முறத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும்.

ஓடு என்றதும் தட்டினால் 'டொக்' என்கிற ஓட்டை நினைக்காதீர்கள். பெரும்பாலான ஆமைகளின் முதுகில் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளில் செதில்கள் அடுக்கியிருக்கும். இதன் முதுகில் அவை இல்லை. உள்ளே எலும்பு, மேலே தோல், அவ்வளவுதான். விளிம்பிலோ எலும்பும் கிடையாது. நனைந்த செருப்புத் தோல் மாதிரி வளையும்.

கவசத்தைக் கழற்றிப் போட்டதால் என்ன லாபம்? எடை குறைந்தது, உடல் தட்டையானது. ஆழமில்லாத இடத்தில் மணலைக் கிளறி, உடம்பைப் புதைத்துக்கொண்டு படுத்துவிடும். கழுத்தை மட்டும் நீட்டினால் போதும். குழாய் போன்ற மூக்கின் நுனி நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும். மீனோ நண்டோ அருகில் வந்தால் அதே கழுத்து சுருள்வில்லாகப் பாயும். பின்னாலிருந்து பிடிக்கப் போகிறவர் விரலும் தப்பாது!

மேலே வர வாய்ப்பில்லாதபோதும் மெல்லோட்டு ஆமைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. வாய் நிறைய நீரை இழுத்து, வெளியே விடும். தொண்டையின் உட்புறத் தோல் நீரில் கரைந்த ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உடம்புத் தோலும் கொஞ்சம் கைகொடுக்கும். செவுள் இல்லாத பிராணி, செவுள் வேலையைத் தொண்டையிடம் ஒப்படைத்திருக்கிறது.

அந்தத் தொண்டை இன்னொரு வேலையும் பார்க்கிறதாம். சிங்கப்பூர் விஞ்ஞானிகள் 2012இல் இதன் உறவான சீன மெல்லோட்டு ஆமையை ஆராய்ந்தார்கள். சிறுநீரில் போக வேண்டிய யூரியாவில் பெரும்பகுதி வாய் வழியாக வெளியேறுவதைக் கண்டார்கள். எளிமையாகச் சொன்னால், வாயைக் கொப்பளித்தே சிறுநீர் கழிக்கிறது. நம்ம பவானி ஆமையும் அப்படித்தானா என்று இன்னும் யாராவது சோதிக்க வேண்டும்.

எனக்கு மிகப் பிடித்த அதிசயம் எல்லா ஆமைகளுக்கும் பொது. உங்கள் தோள்பட்டை எலும்பைத் தொட்டுப் பாருங்கள். விலா எலும்புகளுக்கு வெளியே இருக்கிறதா? ஆமைக்கு அது விலாக்கூட்டுக்கு உள்ளே. கருவில் விலா எலும்புகள் வளைந்து இறங்காமல் பக்கவாட்டில் விரிந்து தோளை மூடிவிடுகின்றன. முதுகோட்டின் பெரும்பகுதி விரிந்த விலாதான். ஆகவே நம்மைப் போல நெஞ்சை விரித்து மூச்சுவிட ஆமையால் முடியாது. வயிற்றுத் தசைகள் நுரையீரலை இழுத்தும் அமுக்கியும் அந்த வேலையைச் செய்கின்றன.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் அடிப்படை மணல். கழற்றிய கவசத்துக்குப் பதில் ஆற்றுப் படுகையை அது போர்த்திக்கொண்டது. நாமோ அந்தப் போர்வையை லாரி லாரியாக அள்ளிச் சுவராகப் பூசினோம். இறைச்சிக்கும், ஓட்டின் வளையும் விளிம்புக்கும் வேட்டையாடினோம். முப்பது ஆண்டுகளில் எண்ணிக்கை 90 சதவீதம் சரிந்திருக்கும் என்பது மதிப்பீடு. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய காட்டுயிர் வணிக மாநாடு, இந்தியாவின் முன்மொழிவை ஏற்று இதன் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்டது.

கடைசியாக ஒரு வேடிக்கை. முதுகு மெத்தென்ற இந்தக் குடும்பம் இடும் முட்டை கெட்டியான ஓடு கொண்டது. கோலிக்குண்டு போல உருண்டை. அதிலிருந்து வரும் லீத் குஞ்சின் முதுகில் கண்கள் போன்ற வட்டப் புள்ளிகள் இருக்கும், பெரும்பாலும் நான்கு. வளர வளர அவை மங்கி, முதுகு ஆற்றுச் சேற்றின் நிறத்துக்கு வந்துவிடும்.