கப்பல் யாருடையது?

ஆரணிப் பக்கம் கிளி ஜோசியக்காரரைப் பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. தறிக்குத் தார் சுற்றும் நேரத்தில் செல்போனில் ‘டாரோ’ சீட்டுக் கார்டு பலன் கேட்கிறவர்கள் பட்டு நெய்யும் தெருக்களிலும் உண்டு. “படகு வந்தா நல்லதா, கெட்டதா?” என்பது அவர்கள் சந்தேகம்.

மொத்தம் 78 கார்டுகள். ‘வாள் ஆறு’ கார்டில் முக்காடு போட்ட ஒருத்தியும் குழந்தையும் முதுகு காட்டி உட்கார்ந்திருக்க, படகுக்காரர் கழி ஊன்றுகிறார். முன்னால் ஆறு வாள்கள் செங்குத்தாக நிற்கின்றன. ஒரு பக்கம் தண்ணீர் அலைகிறது, மறுபக்கம் அசைவில்லை. கஷ்டத்தை விட்டு அக்கரை போகிறீர்கள் என்று பலன் சொல்வார்கள். வாள்களும் கூடவே வருகின்றன என்பதைப் பலர் சொல்வதில்லை! ‘கோல் மூன்று’ கார்டில் மேட்டில் நிற்கும் வியாபாரி, சரக்கேற்றிப் போகும் தன் கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

டாரோ ஆதி எகிப்தின் ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வெறும் சீட்டாட்டமாகப் பிறந்தது இது. குறி சொல்லும் வழக்கம் 18-ஆம் நூற்றாண்டு பிரான்ஸில்தான் பரவியது. பழைய மார்செய் சீட்டுகளில் ‘வாள் ஆறு’ என்றால் ஆறு வாள்தான், படகு கிடையாது. அந்தப் படகை ஏற்றியவர் ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித். 1909-இல், லண்டனில், ஆர்தர் வெய்ட் என்பவருக்காக இந்தக் கார்டுகளை வரைந்தார்.

வேலை மலையளவு, காசு சொற்பம் என்று நண்பருக்கு அப்போதே கடிதம் எழுதினார் பமேலா. 1951-இல் கடனோடு இறந்தார். சீட்டுக்கட்டு மட்டும் பதிப்பாளர் ரைடர், வெய்ட் இருவர் பெயரில் உலகம் சுற்றியது. கார்டின் மூலையில் பாம்புபோல் நெளியும் மூன்று எழுத்துகள்தான் பமேலாவின் கையெழுத்து.

ஆரணிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனாலும் இங்கே தறியிலிருந்து இறங்கும் சேலை காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விலைபோவது உண்டு. மேட்டில் நின்று கப்பலைப் பார்ப்பவர் வியாபாரி. நெய்தவருக்கு அந்தக் கார்டில் இடமில்லை. பமேலாவுக்காவது மூலையில் மூன்று எழுத்து கிடைத்தது.

அடுத்த முறை பட்டெடுக்கப் போகும்போது, இது எந்த ஊர்த் தறி, யார் நெய்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.