கழகத்தில் சேருமுன் உங்கள் ஆட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள்

ஊர் திரும்பிக் கூரை, கிணறு, பாடசாலை அனுமதி என்று நீங்கள் அலைகிற நாட்களிலேயே பிள்ளைகள் விளையாட்டுக் கழகத்தில் சேரக் கேட்பார்கள். கப்பல்துறைப் பக்கத்தில் அது பெரும்பாலும் மென்பந்து கிரிக்கெட், அதாவது டென்னிஸ் பந்தில் ஆடும் ஆட்டம். சேரவிடுங்கள். ஊரிலேயே இருந்தவர்களும் திரும்பி வந்தவர்களும் முகம் பழகுவதற்கு மைதானத்தைப் போல வேறு இடமில்லை. பதிவுள்ள கழகங்கள் எவை என்பதைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்டறியலாம். ஆனால் எந்த அணியில், எந்தப் பந்தில் ஆடுவது என்பதை முதலே யோசியுங்கள்.

இடைத்தங்கல் முகாமில் ஆடிப் பழகியவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கொட்டில்களுக்கு நடுவே பதினைந்து எட்டுத் தூரத்தில் தடி நட்டு ஆடியிருப்பீர்கள். உயர அடித்தால் பந்து அயலவரின் தறப்பாளில் விழும் என்பதால் அது ஆட்டமிழப்பு என்று விதியும் வைத்திருப்பீர்கள். அப்படிப் பழகியவருக்குக் கண் வேகம். தரையோடு அடிப்பதில் கெட்டிக்காரர். மைதானத்தில் விக்கெட்டுகளுக்கு இடையே 22 யார், அதாவது 20.12 மீற்றர். முகாமில் சரியான அளவில் விழுந்த பந்து இங்கே பாதி வழியிலேயே குத்தும். இதைத் திறமைக் குறைவென்று எண்ணி ஒதுங்கவேண்டாம். தூரம் பழகச் சில வாரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

தகப்பன்மாரின் பிரச்சினை வேறு. இடம்பெயருமுன் ஆரம்பத் துடுப்பாட்டவீரராக இருந்தவர், அந்த ஆட்டத்தைச் சொல்லி இன்று இடம் கேட்பார். முழங்காலுக்கு அது ஞாபகம் இருக்காது.

ஆகவே அளந்து பாருங்கள். 22 யார் தூரத்தில், துடுப்பாட்டவீரர் நிற்குமிடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சாக்கை விரித்து, 12 பந்து வீசி, எத்தனை அதில் விழுகின்றன என்று எண்ணுங்கள். உயர எறிந்த 10 பந்தில் எத்தனையைப் பிடிக்கிறீர்கள்? மூன்று ஓட்டம் தொடர்ந்து ஓடியபின் உடனே அடுத்த பந்தை நிதானமாக ஆட முடிகிறதா? மூன்று மாலை இப்படிச் செய்து, நடுத்தரமான நாளின் கணக்கை எடுங்கள். நல்ல நாளின் கணக்கு ஏமாற்றும்.

அமெரிக்காவில் பொழுதுபோக்கு டென்னிஸ் லீக்கில் சேருகிறவர்கள் 1.0 முதல் 7.0 வரையான அளவுகோலில் தங்களைத் தாங்களே மதிப்பிட்டுச் சொல்வார்கள். எங்களுக்கு அட்டவணை தேவையில்லை. அணித் தலைவரிடம், "அண்ணன், பந்து போடுவன், பிடி எடுப்பன், தூக்கி அடிச்சுப் பழக்கமில்ல" என்றால் போதும். கூட்டிச் சொன்னால் முதல் ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். குறைத்துச் சொல்லிச் சின்னப் பிள்ளைகளின் அணியில் புகுந்து அடிப்பதும் சரியில்லை.

கடினபந்து விஷயத்தில் மட்டும் பெற்றோர் கண்டிப்பாக இருங்கள். டென்னிஸ் பந்து 60 கிராமுக்குள். கடினபந்து 156 முதல் 163 கிராம் வரை. மென்பந்தில் விளாசுகிற பிள்ளை கடினபந்துக்குத் தயார் என்று அர்த்தமில்லை. காற்காப்பு, கையுறை, தலைக்கவசம் மூன்றும் கழகத்தில் உண்டா என்று நேரில் போய்ப் பாருங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எந்தப் பந்தில் ஆடுவதற்கும் முன்னர் வைத்தியரைக் கேளுங்கள்.

மைதானமும் அதைச் சுற்றியுள்ள காணிகளும் கண்ணிவெடி அகற்றப்பட்டவையா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். தூக்கி அடிக்கப் புதிதாகப் பழகுகிறவருக்குத் தன் பந்து எவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது. எச்சரிக்கைப் பலகைக்கு அப்பாலோ, யாரும் நடமாடாத பற்றைக்குள்ளோ விழுந்தால் ஒருவரும் தேடிப் போகக்கூடாது. புதுப் பந்து வாங்கக் கழகத்தில் காசு சேர்த்துக்கொள்ளலாம்.